மலையேறின கால் மணலில் தளரும்: கதிர்காம நடைக்கு மாசியிலேயே பழகுவோம்



கதிர்காமக் கொடியேற்றம் ஆடி மாதத்தை ஒட்டி வருவது. அதற்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்க, இப்போதே இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கு. இந்தப் பாடத்தை மாசியில் படித்தால்தான் பிரயோசனம். ஆனியில் படித்தால் வெறும் வாசிப்புத்தான்.

முதலில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017 ஆம் ஆண்டு எங்கள் லயத்து ஆட்கள் ஒன்பது பேர் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடக்கப் புறப்பட்டோம். அதில் மூத்தவர் எங்கள் பெரியம்மா. வயது ஐம்பத்தெட்டு. மகளுக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்தால் நடந்தே வருகிறேன் என்று நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை பிழைத்தது. நேர்த்தியைச் செலுத்த வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னே, "பெரியம்மா, கொஞ்சம் நடந்து பழகுவோமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"நம்ம காலுக்கு என்னா தம்பி பழக்கம்? பிரட்டுக்களத்துல இருந்து மேமலைக்குத் தெனம் ஏறி எறங்குற காலு. நம்ம தாத்தா பாட்டியெல்லாம் மன்னார்ல இருந்து நடந்து வந்தவங்கதானே?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் நாள் நல்லாத்தான் போனது. இரண்டாம் நாள் உச்சி வெயிலில், சுடு மணலில், பெரியம்மாவின் உள்ளங்காலில் கொப்புளம் எழும்பி உடைந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர். மூன்றாம் நாள் காலையில் வாந்தி. தலை சுற்றியது. பேச்சுக் குழறியது. வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்கள் ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க உதவினார்கள். சேலைன் ஏறிக்கொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கு.

"நா என்னா பாவம் செஞ்சேன் தம்பி, முருகன் என்னையப் பாதி வழியிலயே திருப்பி அனுப்பிட்டானே."

முருகன் திருப்பி அனுப்பவில்லை. ஆயத்தம் இல்லாமல் கூட்டிக்கொண்டு போனது நாங்கள். இந்தப் பாடம் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

தாத்தா பாட்டி நடந்த கதை

பெரியம்மா சொன்னது உண்மைதான். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, பிறகு மலைக்கு ஏறினார்கள். தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தது 1914 இல்தான். ஆனால் இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்த வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் தண்ணீர் இல்லாமலும் விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். வழியில் விழுந்தவர்களுக்குக் கதை சொல்லப் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு ஆயத்தம் செய்ய அவகாசம் கிடைக்கவில்லை. நமக்கு அவகாசம் இருக்கு.

பாதை எப்படிப்பட்டது?

முழுப் பாதயாத்திரை யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்குவது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக வந்து உகந்தையை அடையும். அங்கிருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமம். ஒன்றரை மாதத்துக்கும் மேலே எடுக்கும். 1983 க்குப் பிறகு யுத்தத்தால் வடக்கிலிருந்து வரும் நடை தடைப்பட்டுக் கிடந்தது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு மறுபடியும் அங்கிருந்து நடக்கிறார்கள்.

நம்மில் அநேகருக்கு ஒன்றரை மாதம் பேர் இழக்க வசதி இல்லை. ஆகவே பஸ்ஸிலோ வேனிலோ உகந்தை வரை போய், அங்கிருந்து காட்டு வழி மட்டும் நடப்பவர்கள்தான் அதிகம். அது ஏறக்குறைய 80 முதல் 100 கிலோமீற்றர். ஐந்து ஆறு நாள் எடுக்கும். ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்புக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும், மாணிக்க கங்கையைத் தாண்ட வேண்டும். யானை, கரடி, சிறுத்தை உள்ள காடு. ஒவ்வொரு வருஷமும் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே இந்தக் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். திகதியை அந்தந்த வருஷம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலைக்கால் வேறு, மணற்கால் வேறு

நாம் பலசாலிகள்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஒரு கொழுந்தெடுக்கும் பெண் சரிவில் ஏறுவது, கொழுந்தைச் சுமப்பது, எட்டு மணித்தியாலம் நிற்பது எல்லாம் டவுனில் இருப்பவர்களால் முடியாத வேலை. ஆனால் அந்தப் பலம் மூன்று விஷயத்தில் நம்மைக் கைவிடும்.

ஒன்று: மலையில் நாம் இரண்டு அடி வைக்கிறோம், நிற்கிறோம், பறிக்கிறோம், மறுபடி இரண்டு அடி. ஏற்றத்தில் தொடைச்சதை வேலை செய்யும், இறக்கத்தில் முழங்கால் தாங்கும். சமதரையில் நாலைந்து மணித்தியாலம் நிற்காமல் நடக்கும்போது ஒரே சதையும் ஒரே நரம்பும் ஆயிரக்கணக்கான தடவை ஒரே மாதிரி இழுபடும். பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப உரசும். மணலில் கால் புதைவதால் கெண்டைக்கால் இன்னும் அதிகமாக இழுக்கும்.

இரண்டு: நாம் ஒரு நாள் களைத்தால் இரவு லயத்தில் படுத்துத் தூங்கி எழும்புகிறோம். அங்கே நேற்றைய புண்ணோடு இன்று நடக்க வேண்டும், இன்றைய புண்ணோடு நாளை நடக்க வேண்டும்.

மூன்று: வெயில். இதுதான் பெரிய விஷயம். ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை வெப்பம் குறையும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் நாம் கம்பளி போர்த்திக்கொண்டு இருக்கும் அதே ஆனி, ஆடி மாதத்தில் பொத்துவில் பக்கம் 32, 33 பாகைக்கு மேல் காயும். ஒரு வேடிக்கை பாருங்க: நம் மலையில் பேய்மழையாகக் கொட்டுகிற அதே தென்மேற்குக் காற்றுத்தான், மழையை இங்கே இறக்கிவிட்டு மலையைத் தாண்டி, அங்கே காய்ந்த சூடான காற்றாக இறங்குது. கிழக்கு மாகாணத்து ஆட்கள் அதைக் 'கச்சான்' என்று சொல்வார்கள். நனைந்த இடத்திலிருந்து நேரே அந்தக் கச்சானுக்குள் போய் இறங்கினால் உடம்பு திகைத்துப் போகும்.

ஏன் மாசியில் தொடங்க வேணும்?

பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் படித்திருப்போம். மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். நடை இருப்பது முதுவேனிலில். பழக வேண்டியது பின்பனியிலும் இளவேனிலிலும்.

மேற்குப் பக்கத்து மலைகளில் மாசி, பங்குனிதான் பாதை காய்ந்து, அட்டை குறைந்து, காலை வெளிச்சம் தெளிவாக இருக்கும் காலம். வைகாசி நடுவில் பெருமழை தொடங்கிவிட்டால் வெளியில் நீண்ட நேரம் நடக்க முடியாது. ஆகவே மூன்று மாதத்தில் காலைத் தயார் செய்துவிட்டு, மழைக்காலத்தில் அதை விட்டுவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஆட்களுக்கு ஆனி, ஆடி காய்ந்த காலம் என்பதால் அவர்கள் தொடர்ந்து பழகலாம்.

"நாங்க சிவனொளிபாத மலை ஏறினவங்கதானே" என்று சொல்லாதீங்க. 2,243 மீற்றர் மலையில் இரவோடு இரவாகப் படியேறுவது நல்ல பழக்கம். மார்கழியிலிருந்து வெசாக் போயா வரை அந்தக் காலம் இருப்பதால் ஒரு தடவை ஏறிவிட்டு வரலாம். ஆனால் அது ஒரு இரவுக் குளிரில் படி ஏறுவது. இது ஐந்து பகல் வெயிலில் மணலில் நடப்பது.

தொடங்குமுன் டிஸ்பென்சரிக்குப் போங்க

நாற்பது வயது தாண்டினவர்களும், சீனி வருத்தம், பிரஷர், நெஞ்சுவலி, முட்டு இழுப்பு உள்ளவர்களும் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். பிரஷருக்குச் சிலருக்கு மூத்திரம் போக வைக்கும் குளிசை கொடுத்திருப்பார்கள். அதைக் குடித்துக்கொண்டு வெயிலில் நடந்தால் உடம்புத் தண்ணீர் சீக்கிரம் வற்றும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். என்ன செய்வது என்று டொக்டரிடம் கேளுங்க.

பெண்கள் எல்லோரும் இரத்தம் சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. இரத்தச்சோகை உள்ளவருக்கு நடக்க நடக்க மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். அதை நாம் "வயசாயிருச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரியம்மாவுக்கும் அதுதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் தெரிந்தது. இரும்புச்சத்துக் குளிசை எடுத்து இரத்தம் ஊற இரண்டு மூன்று மாதம் வேண்டும். மாசியில் சோதித்தால் ஆடிக்குள் சரிசெய்யலாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்க வேண்டாம். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்க.

பன்னிரண்டு வாரப் பழக்கம்

சிவராத்திரி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குவது வசதி. வார நாளில் வேலை விட்டு வந்து இரண்டு நாள் மட்டும் அரை மணித்தியாலம் சமதரையில் வேகமாக நடந்தால் போதும். ஏற்றம் ஏறுவது வேலையிலேயே கிடைக்குது. ஞாயிறுதான் முக்கியம். தோட்டத்தில் சமதரை எங்கே என்று கேட்பீர்கள். ஃபெக்டரி ரோட்டு, பாடசாலை மைதானம், நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகும் ரோட்டு என்று தேடினால் கிடைக்கும். ரயில் தண்டவாளத்தில் மட்டும் நடக்க வேண்டாம்.

தூரம் அளக்கக் கருவி தேவையில்லை. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு நாலு கிலோமீற்றர் என்று கணக்கு வையுங்க. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

மாசி (முதல் நாலு வாரம்): ஞாயிறு நடை 5, அடுத்த வாரம் ஆறரை, பிறகு 8 கிலோமீற்றர். நாலாம் வாரம் 6 ஆகக் குறையுங்க. குறைக்கும் வாரம் சோம்பலுக்கு இல்லை. இழுபட்ட சதை அந்த வாரத்தில்தான் ஆறிப் பலப்படும். இந்த மாதம் சுமை வேண்டாம்.

பங்குனி (அடுத்த நாலு வாரம்): 9, பத்தரை, 12. எட்டாம் வாரம் மறுபடி 9. இப்போது முதுகில் பையைப் போடுங்க. முதலில் இரண்டு கிலோ, பிறகு நாலு கிலோ.

சித்திரை (கடைசி நாலு வாரம்): 13, பதினாலரை, 16. பையில் ஐந்து கிலோ. பன்னிரண்டாம் வாரம் பரீட்சை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சித்திரையில் கொழுந்து பொங்கும். ஞாயிறும் கைக்காசுக்கு மலைக்குப் போகச் சொல்லும். வீட்டுச் செலவு இருக்கு, போகாமல் இருக்க முடியாது. அப்படியான வாரம் நடையை விட்டாலும் பரவாயில்லை. ஆனால் விட்ட வாரத்துக்கும் சேர்த்து அடுத்த வாரம் இரட்டிப்பாக நடக்காதீங்க. எங்கே விட்டீர்களோ அங்கே இருந்து தொடங்குங்க. முழங்கால், குதிக்கால் வலிக்கக் காரணம் தூரம் இல்லை, அவசரம்தான்.

நடை எப்போதும் காலையில். பங்குனி, சித்திரையில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னலோடு மழை வரும். இடி கேட்டால் உடனே ஒரு கட்டிடத்துக்குள் போங்க, மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். காய்ந்த காலத்தில் குளவிக் கூடும் அதிகம். பெரிய மரங்களுக்குக் கீழே போகுமுன் மேலே பாருங்க, வாசனைத் தைலம் பூச வேண்டாம், பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீங்க. விடியுமுன் தனியாகப் போக வேண்டாம், சிறுத்தை நடமாடும் தோட்டங்கள் பல இருக்கு. நாலு பேராகப் போனால் பேச்சுத்துணையும் ஆச்சு.

பாதத்தைப் பார்த்துக்கொள்வது

வெறுங்காலில் நடப்பதாக நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் முன்னே நம் ஆட்கள் வெறுங்காலில் மலைக்குப் போய்ப் போய் உள்ளங்கால் தடித்திருந்தது. இப்போது செருப்பும் பூட்ஸும் போடுகிறோம். தோல் மெலிந்துவிட்டது. வெறுங்காலில் நடக்க விரும்புபவர் ஒவ்வொரு ஞாயிறும் முதலில் கால் மணித்தியாலம் மட்டும் வெறுங்காலில் நடந்து, வாரத்துக்குப் பத்து நிமிஷம் கூட்டி வாருங்க.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் ஏறினாலும், மணல் சுட்டாலும் தெரியாது. சின்னப் புண் பெரிதாகிக் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

சப்பாத்துப் போடுபவர்கள் புதுச் சப்பாத்தோடு புறப்பட வேண்டாம். மாசியில் வாங்கி, பழக்கத்தில் தேய்த்து, அதையே கொண்டு போங்க. பருத்தி மேஸ் இரண்டு சோடி வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்க. நடந்து முடிந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்க. ஒரு இடம் சூடாக உரசுவது போலத் தெரிந்தால் அந்த நிமிஷமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்க. "அடுத்த தங்கல்ல பார்ப்போம்" என்று சொன்னால் அடுத்த தங்கலில் கொப்புளம்தான். கொப்புளத்தின் தோலை உரிக்காதீங்க. அந்தத் தோல்தான் மருந்து.

தண்ணீரும் வெயிலும்

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். வெயிலில் நடக்கும்போது ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்க. மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. தேயிலைச் சாயம் போல இருந்தால் உடம்பு வற்றுது என்று அர்த்தம். மலையில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே பழகிவிட்டார்கள். அது நமக்குள் ஊறிப்போன பழக்கம். பெரியம்மா நடையிலும் அப்படித்தான் இருந்தார். பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து ஒதுங்குங்க, ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீங்க.

வியர்வையில் உப்பும் போகும். வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடித்தாலும் மயக்கம் வரும். ஜீவனி பைக்கட் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடியுங்க. ஜீவனி இல்லையென்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தேக்கரண்டியால் மட்டமாக ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. வழியில் சில இடங்களில் பவுசரில் தண்ணீர் வைப்பார்கள். அதை நம்பிக் கையை வீசிக்கொண்டு போகாதீங்க. ஆளுக்கு இரண்டு லீற்றராவது சுமக்க வேண்டும்.

உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினாலு நாள் எடுக்கும். பழகின உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பையும் குறைவாக விடும். புறப்படுமுன் கடைசி இரண்டு வாரம் வெயில் காயும் நாட்களில் நடுப்பகலில் அரை மணித்தியாலம் நடந்து வியர்க்க விடுங்க. முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே பொத்துவில் பக்கம் போய்த் தங்குங்க. காட்டில் விடிந்ததும் புறப்பட்டு, பத்து மணிக்கு நிழலில் ஒதுங்கி, மூன்று மணிக்கு மேல் மறுபடி நடந்து, இருட்டுமுன் தங்கலுக்குச் சேர வேண்டும்.

ஒருவர் சம்பந்தம் இல்லாமல் பேசினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது சாதாரணக் களைப்பு இல்லை. உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. மயங்கினவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் காட்டுக்குள் போன் எடுபடாத இடம் அதிகம், ஆகவே அங்கே பக்கத்தில் உள்ள உத்தியோகத்தர்களுக்கு உடனே ஆள் அனுப்புங்க.

பழைய ஆட்கள் மலேரியாக் குளிசை கேட்பார்கள். 2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் கொடுத்துவிட்டது. ஆனால் நுளம்பு இருக்கு, டெங்கு இருக்கு. இரவில் போர்த்துப் படுங்க.

சுமையும் சாப்பாடும்

கொழுந்து சுமக்கிற நமக்கு ஐந்து கிலோ ஒரு பாரமா? பாரம் இல்லை. ஆனால் நெற்றியில் கயிறு போட்டுச் சுமந்த பழக்கத்தில் நாம் கழுத்தை முன்னே தள்ளி நடக்கிறோம். சமதரையில் ஐந்து நாள் அப்படி நடந்தால் பிடரியும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். இரண்டு தோளிலும் மாட்டும் பை எடுங்க. பாரமானதை முதுகை ஒட்டி வையுங்க. அவல், பொரிமா, பேரீச்சம்பழம், கச்சான், கொஞ்சம் உப்பு, சாறமோ போர்வையோ ஒன்று, டோர்ச், மருந்து. இவ்வளவு போதும். கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்க. அது மிருகங்களின் வீடு.

மழைக்காலத்தில்

வைகாசி, ஆனியில் வாரம் இரண்டு தடவை மழை விட்ட நேரம் முக்கால் மணித்தியாலம் நடங்க. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பத்து கிலோமீற்றர். நடக்க முடியாத நாளில் லயத்துக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவது முப்பது தடவை, கதிரையில் உட்கார்ந்து எழும்புவது இருபது தடவை. கடைசி ஒரு வாரம் நீண்ட நடை வேண்டாம்.

பரீட்சை

பன்னிரண்டாம் வாரம் சனி 15 கிலோமீற்றர், மறுநாள் ஞாயிறு 15 கிலோமீற்றர், ஐந்து கிலோ பையோடு. சனிக்கிழமை எல்லோருக்கும் முடியும். ஞாயிறு காலையில் எழும்பும்போதுதான் உண்மை தெரியும். நொண்டாமல், மயங்காமல், புதுப் புண் இல்லாமல் ஞாயிறும் முடித்தால் நீங்கள் ஆயத்தம். முடியவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்க. அப்போதும் முடியாவிட்டால் இந்த வருஷம் காடு வேண்டாம். கதிர்காமத்துக்குப் பஸ்ஸில் போய், செல்லக் கதிர்காமத்திலிருந்து நடந்து வந்தாலும் அது நடைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் தீர்மானத்தை லயத்தில் வைத்து எடுப்பது சுகம். காட்டு நடுவில் எடுப்பது நரகம்.

பெரியம்மா மறுபடி நடந்தாரா?

2018 மாசியில் அவரே வந்து, "எப்ப தம்பி தொடங்குறது?" என்று கேட்டார். இரும்புச்சத்துக் குளிசையை ஒரு நாள் விடாமல் எடுத்திருந்தார். சப்பாத்துப் பேச்சு வந்தபோதுதான் சண்டை.

"சாமிகிட்டப் போறப்ப சப்பாத்தா?"

"வாசல்ல கழட்டிடுங்க பெரியம்மா. காட்டுல போடுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனின் பழைய கென்வஸ் சப்பாத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முதல் பரீட்சையில் ஞாயிறு பத்தாவது கிலோமீற்றரில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பரீட்சையில் முடித்தார். ஆடியில் ஆறு நாள் நடந்தார், எங்கள் எல்லோருக்கும் பின்னால், மெதுவாக, அடிக்கொரு தரம் தண்ணீர் குடித்துக்கொண்டு. மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு, சப்பாத்தைக் கரையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு கோயிலுக்குப் போனார். பேரப்பிள்ளை பெயரில் ஒரு தேங்காய் உடைத்தார்.

உங்கள் கோயில் கமிட்டியிலோ மாதர் சங்கத்திலோ இதை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கீழே உள்ள மூன்று கேள்விக்கும் பதில் பேசுங்க:

1. நம் தோட்டத்தில் நாலு கிலோமீற்றர் சமதரை எங்கே இருக்கு?

2. நடக்கப் போகிறவர்களில் இரத்தமும் சீனியும் சோதிக்காதவர்கள் யார்?

3. பரீட்சையில் முடியாதவரிடம் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லப் போகிறவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு இப்போதே ஒரு ஆளைத் தீர்மானியுங்க. எங்கள் கூட்டத்தில் 2017 இல் அப்படி ஒருவர் இருக்கவில்லை.